புதுப் பிஸ்டலில் ட்ரிகர் கனமாக, நறநறவென்று இருக்கிறது. ஸ்ப்ரிங்கை வெட்டலாமா?

கேள்வி:
9 எம்எம் காம்பாக்ட் பிஸ்டல், ஸ்ட்ரைக்கர் வகை (சுத்தியல் இல்லை, உள்ளே ஸ்ப்ரிங்கால் பாயும் ஊசிதான் தோட்டாவை அடிக்கும்). வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது, 150 ரவுண்டு சுட்டிருப்பேன். ட்ரிகரை இழுக்கும்போது பாதி தூரம் வரை மணல் அரைபடுவது போல நறநறவென்கிறது. அப்புறம் ஓரிடத்தில் கெட்டியாக நின்றுவிடுகிறது. பலமாக அழுத்தினால்தான் விடுகிறது, அதற்குள் முனை ஆடிவிடுகிறது. எனக்கு வலது கை. குண்டெல்லாம் இலக்கின் இடப்பக்கம் கீழே போய் விழுகிறது. கூடச் சுடும் ஒருவர், ஸ்ட்ரைக்கர் ஸ்ப்ரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடு என்கிறார். செய்யலாமா?

பதில்:
வேண்டவே வேண்டாம் நண்பரே. அந்த ஸ்ப்ரிங்கின் வேகம்தான் பிரைமரை, அதாவது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியை, அடிக்கிறது. அது தளர்ந்தால் அடி லேசாக விழும், தோட்டா வெடிக்காமல் நிற்கும். கனமும் நறநறப்பும் ஒன்றல்ல, முதலில் நறநறப்பைப் பாருங்கள். துரு பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் பூசும் எண்ணெயை முழுக்கத் துடைத்தீர்களா? புதுத் துப்பாக்கியில் இயந்திரத்தில் கடைந்த தடமும் கொஞ்சம் இருக்கும், அது பழகப் பழகத் தேயும்.

கேட்டவர்:
துடைக்கவே இல்லை அண்ணா. இப்போதுதான் கழற்றினேன். ட்ரிகர் பார் (ட்ரிகரின் அசைவைப் பின்னால் கொண்டுபோகும் கம்பி) உரசும் இடத்தில் கறுப்பாகப் பசை மாதிரி இருந்தது. துணியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே பொடிப்பொடியாக இரும்பு மினுங்குகிறது. எண்ணெய் எங்கே விட வேண்டும்?

பதில்:
கையேடு காட்டும் இடங்களில் மட்டும், ஒரு துளி. ட்ரிகர் பாரும் கனெக்டரும் (பாரைத் தள்ளி விடுவிக்கும் சின்னத் தகடு) தொடும் முனை முக்கியம். ஸ்ட்ரைக்கர் ஓடும் குழாயில் விடாதீர்கள், அங்கே புகைக்கரியோடு சேர்ந்து களியாகிவிடும்.

இன்னொன்று. ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, கவிழ்த்துப் பிடித்தால் ஒரு சின்ன உருளை தெரியும், அதுதான் ஸ்ட்ரைக்கரைத் தடுக்கும் பாதுகாப்பு. விரல் நுனியால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அதே நறநறப்பு அங்கே கேட்டால் இடம் தெரிந்துவிட்டது. ஆனால் அதையோ சியரையோ (ஸ்ட்ரைக்கரைப் பிடித்து வைத்திருந்து விடும் கொக்கி) அரம், உப்புத்தாள் கொண்டு தொடாதீர்கள். மேல்தோல் கடினப்படுத்திய இரும்பு, அந்தத் தோல் மெல்லியது. அது போனால், கீழே விழுந்தாலே வெடிக்கும் துப்பாக்கியாகிவிடலாம். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

இன்னொருவர் பதில்:
அடுத்தது டிரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பழகுவது. தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். மேகசினைக் கழற்றுங்கள், சேம்பரை (தோட்டா உட்காரும் குழி) கண்ணாலும் விரலாலும் பாருங்கள், பாதுகாப்பான பக்கம் நோக்குங்கள். கையேடு அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். ரிம்ஃபயர் .22 ரகத்தில் (தோட்டாவின் விளிம்பில் ஊசி அடிக்கும் வகை) பல மாடல்களில் ஊசி சேம்பர் விளிம்பில் அடித்துக் கெடுத்துவிடும். தினம் ஐம்பது இழுப்பு போதும். முன் சைட் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் இழுக்கப் பழகுங்கள். விரல் ரொம்ப உள்ளே போனாலும் வெளியே நின்றாலும் முனை பக்கவாட்டில் தள்ளப்படும். உங்கள் இடப்பக்கக் குறையில் பாதி விரலில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கனத்தை யூகிக்காமல் ட்ரிகர் அளவியால் பத்து முறை அளந்து சராசரி எடுங்கள். இந்த வகைக்கு 2.5 முதல் 3 கிலோ வரை சாதாரணம். சர்வதேசப் போட்டியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்சம் 500 கிராம்தான், ஆனால் அது இலக்குக்கென்றே செய்தது. இடுப்பில் வைக்கும் துப்பாக்கியில் அதைத் தேடக் கூடாது.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
சராசரி 3.2 கிலோவிலிருந்து 2.9 ஆகியிருக்கிறது. நறநறப்பு பெரும்பாலும் போய்விட்டது. கெட்டியாக நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் மட்டும் ஒரு சின்ன உரசல் பாக்கி. ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கழற்றி, ட்ரிகர் பார் ஓரத்தில் பிசிர் ஒன்றைக் காட்டினார், நகத்தை வைத்தால் தட்டுப்பட்டது. உத்தரவாதம் இருப்பதால் பாரையே மாற்றித் தருகிறார்களாம். ஸ்ப்ரிங்கைத் தொடவில்லை.