வெனிஸ் ஃப்ளோரியனில் காபி: உட்கார்ந்தாலே காசாமே?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
மகன் இத்தாலியில் படுவாவில் படிக்கிறான், அடுத்த மாதம் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். வெனிஸில் 1720இல் திறந்த ஃப்ளோரியன் காபிக்கடையில் ஒரு காபி குடிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. மகனோ, "அம்மா, அங்க உட்கார்ந்தாலே காசு" என்கிறான். நிஜமா?

வேலந்தாவளத்தான்:
நிஜம்தான் அக்கா. இத்தாலி முழுக்கவே நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. ஃப்ளோரியன் இருக்கும் சான் மார்க்கோ சதுக்கத்தில் வாத்தியக் குழு வாசிக்கும்போது உட்கார்ந்தால் பாட்டுக்கும் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும். ஃப்ளோரியனில் உள்ளே நின்று குடிக்க கவுண்டர் உண்டு. அதை பார் என்பார்கள், வீட்டுக்காரரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். கடைக்கு முதலில் வைத்த பெயர் 'வெற்றி பெற்ற வெனிஸ்'. முதலாளி ஃப்ளோரியானோ பிரான்செஸ்கோனி, ஜனங்கள் "ஃப்ளோரியன் கடை" என்றே சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது. நம்ம பக்கம் போர்டில் என்ன எழுதியிருந்தாலும் ராவுத்தர் கடைதானே!

மீனாட்சிபுரத்தான்:
படுவாவிலேயே பெத்ரோக்கி இருக்கும்போது எதற்கு இந்த அலைச்சல்? 1831இல் திறந்தது. 1916 வரை ராத்திரி பகல் மூடாமல் நடந்ததால் கதவில்லாக் காபிக்கடை என்றே பெயர். வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மூன்று கூடம். பச்சையில் ஒன்றும் வாங்காமலே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், காசில்லாத மாணவர்களுக்கு அதுதான் தஞ்சம். வெள்ளைக் கூடச் சுவரில் 1848 பிப்ரவரி 8ஆம் தேதி மாணவர் கலகத்தில் ஆஸ்திரியச் சிப்பாய்கள் சுட்ட குண்டின் ஓட்டையை இன்னும் அடைக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைப் பெயரிலேயே ஒரு காபி உண்டு. மேலே புதினா க்ரீம், அதன்மேல் கோகோத் தூள், கலக்காமல் அப்படியே குடிக்க வேண்டும். என் வீட்டுக்காரி பல் தேய்த்த வாயோடு குடித்த மாதிரி இருக்கிறது என்றாள், எனக்குப் பிடித்தது.

வேலந்தாவளத்தான்:
இன்னொன்று அக்கா, பால் காபி வேண்டும் என்று 'லாத்தே' கேட்டுவிடாதீர்கள், வெறும் பால்தான் வரும். நான் அப்படித்தான் ரயிலடியில் ஒரு டம்ளர் பாலை வைத்துக்கொண்டு முழித்தேன். கப்புச்சினோ கேளுங்கள். வெறும் 'கஃபே' என்றால் நம்ம கட்டன் அளவு எதிர்பார்க்க வேண்டாம், இரண்டு மடக்குதான்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
சரி, ஃப்ளோரியனில் நின்று ஒன்று, பெத்ரோக்கியில் உட்கார்ந்து ஒன்று. பச்சைக் கூடத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் அங்கேயே இருந்துவிடலாம் என்கிறார். ஆற்றிக் குடிக்க டபராவைப் பையில் வைக்கட்டுமா என்று வேறு கேட்கிறார்.