ஜோன் டவர்: வாசித்தவர்களும் கேட்டவர்களும்

அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் டவரைப் பற்றி நான்கு பேர் எழுதியவை.

பகலில் கணக்கு வேலை, இரவில் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர் ஆர்கெஸ்ட்ராவில் டிராம்போன் என்ற ஊதுகருவி. இதுதான் என் பிழைப்பு. ஜோன் டவரின் பெயரே எனக்கு ஒத்திகையில்தான் அறிமுகம். ‘ஃபேன்ஃபேர் ஃபார் தி அன்காமன் வுமன்’ வரிசையின் முதல் படைப்பை எடுத்து கண்டக்டர் எங்கள் முன்னால் வைத்தார். ஃபேன்ஃபேர் என்றால் ஊதுகருவிகள் முழங்கும் சின்ன வரவேற்பு இசை. இசையமைப்பாளர் ஆரன் கோப்லேண்ட் 1942இல் சாமானிய மனிதனுக்கு எழுதிய ஃபேன்ஃபேருக்கு, துணிந்து இறங்கும் பெண்களின் சார்பில் 1986இல் எழுதப்பட்ட பதில் அது. நான்கு ஹார்ன், மூன்று டிரம்பெட், மூன்று டிராம்போன், டியூபா எல்லாம் கோப்லேண்ட் வைத்த அதே ஆட்கள்தான். தாள வாத்தியங்களை மட்டும் டவர் இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்.

மொத்தமே மூன்று நிமிஷம்தான், ஆனால் உயிர் போய்விடும்! கோப்லேண்டில் ஒரு வரி முடிந்தால் மூச்சு வாங்க இடம் இருக்கும். இங்கே டிரம்பெட் விட்ட இடத்தில் ஹார்ன் பிடிக்கும், ஹார்ன் முடிக்குமுன் நாங்கள் நுழைய வேண்டும். அரை நொடி அசந்தால் சபையே பார்க்கும். எத்தனை வேகமாக இருந்தாலும் கைக்கும் உதட்டுக்கும் வராத ஒரு இடம்கூட இல்லை. வாசிக்கிறவர்களின் கஷ்டம் தெரிந்தவர் எழுதியது என்று உடனே புரிந்தது. பிறகு படித்தால், அவரே பியானோ கலைஞர். 1969இல் டா காப்போ சேம்பர் பிளேயர்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், பதினைந்து வருஷம் அதில் வாசித்தவர்.

*

மேலே டிராம்போன்காரர் சொன்னது உண்மை. நான் வாசிக்கத் தெரியாதவள், கேட்பதோடு சரி. எங்கள் ஊரில் டவரின் ‘மேட் இன் அமெரிக்கா’ கேட்டேன். அதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரிய பெயருள்ள ஒருவரிடம் புதுப் படைப்பு எழுதி வாங்கும் வசதி சின்ன ஆர்கெஸ்ட்ராக்களுக்கு ஏது? ஃபோர்டு நிறுவனத்தின் ஆதரவோடு ஐம்பது மாநிலங்களிலிருந்தும் 65 ஆர்கெஸ்ட்ராக்கள் சேர்ந்து டவரிடம் எழுதி வாங்கின. 2005 அக்டோபரில் முதலில் வாசித்ததும் நியூயார்க் நகரத்து ஜாம்பவான்கள் இல்லை, அதே மாநிலத்தின் கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூர்க்காரர்கள். அப்புறம் நாஷ்வில் சிம்பனி பதிவு செய்து, 2008இல் கிராமி விருதுகளும் வந்தன.

‘அமெரிக்கா தி பியூட்டிஃபுல்’ என்ற தேசபக்திப் பாட்டின் மெட்டு உள்ளே தலை காட்டிக்கொண்டே இருக்கும், முழுசாகப் பாட விடமாட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் அதோடு சேர்ந்து முணுமுணுக்கப் பார்த்து, மெட்டு திசை மாறியதும் கப்பென்று நிறுத்திவிட்டார்.

*

எங்கள் அக்கா மகன் நியூயார்க் மாநிலத்து பார்ட் கல்லூரியில் படித்தான். அவனைப் பார்க்கப் போனபோது ஹட்சன் ஆற்றோரத்து அந்த வளாகத்தைச் சுற்றினேன். கட்டடக் கலைஞர் பிராங்க் கெரி வடிவமைத்த அரங்கின் எஃகுக் கூரை, காற்றில் பறந்த துணிபோல நெளிந்து கிடக்கும். டவர் அங்கே 1972 முதல் ஆசிரியர். சம்பளத்துக்கு ஒரு கல்லூரி, பெயருக்கு மேடை என்று பிரித்து வாழும் இசைக்காரர்கள் நிறையப் பேர். இவர் அப்படி இல்லை என்றுதான் தோன்றுகிறது. இசையமைப்புக்கான கிராவ்மையர் விருது (1990, பெண்களில் முதல் ஆள்) வாங்கியபின்னும் அங்கேயேதான் பாடம் எடுத்தார்.

அங்குள்ள கன்சர்வேட்டரி என்ற இசைப் பள்ளியில் இளநிலை மாணவர்கள் இசையோடு வேறொரு பாடத்திலும் பட்டம் வாங்கியாக வேண்டும், ஐந்து வருஷம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு ஆறுகிற ஏற்பாடு.

*

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. கிராவ்மையர் வாங்கித் தந்த டவரின் ஆர்கெஸ்ட்ராப் படைப்பு ‘சில்வர் லேடர்ஸ்’ (வெள்ளி ஏணிகள்) எனக்கு ஒட்டவில்லை. ஏணி ஏறிக்கொண்டே இருக்கிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை. தாளம் மட்டும் அபாரம். சின்ன வயசில் சுரங்கப் பொறியாளரான அப்பாவோடு பொலிவியாவில் வளர்ந்தவர், அந்த ஊர் விழாக்களின் தாளமும் ஆட்டமும் ரத்தத்தில் ஊறியவர். ‘பிளாக் டோபாஸ்’, ‘பிளாட்டினம் ஸ்பைரல்ஸ்’ என்று கல்லும் உலோகமுமாகப் பெயர் வைப்பதும் அந்த அப்பாவின் பெண் என்பதால்தானோ என்னவோ.

புதிதாகக் கேட்பவர்கள் 1980இல் எழுதிய ‘பெட்ரூஷ்ஸ்கேட்ஸ்’ கேளுங்கள். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘பெட்ருஷ்கா’ பாலே இசையைப் பனிச்சறுக்கில் ஓட விட்ட மாதிரி, புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என ஐந்தே பேர். பிடித்தால் ஆர்கெஸ்ட்ரா பக்கம் போகலாம்.