முன்சக்கரம் இறங்கிய இடம்

நான் காட்பாடிக்காரன். இளம்வயதில் ஊரைவிட்டுப் போய் ஒரு சிறிய பயிற்சி விமானதளத்தில் நான்கு ஆண்டுகள் உதவியாளனாக இருந்தேன். விமானத்தைத் தரையில் ஓட்டிச்செல்லும்போது (டாக்ஸி செய்யும்போது) சக்கரம் பள்ளத்தில் மாட்டிய அனுபவங்களைச் சொன்ன நண்பர்கள் பள்ளத்தின் ஆழத்தையே பெரிதாகப் பேசினார்கள். நான் கண்டவரையில், ஆழத்தைவிட அதன் விளிம்பில் பெயர்ந்து கிடக்கும் ஜல்லியே கூடுதல் கேடு செய்தது.

ஒரு மே மாதப் பிற்பகல். வேலூர் வெயிலில் வளர்ந்த எனக்கே அன்று நிற்க முடியவில்லை. பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் பல மாதங்களாகச் சொட்டியதால் தார் இளகியிருந்த ஓர் இடத்தில், மாணவர் ஒருவர் ஓட்டிவந்த செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தின் முன்சக்கரம் இரண்டு அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. தாரை எரிபொருள் கரைத்துவிடும் என்பதனால்தான் பெரிய விமானங்கள் நிற்கும் தளமான ஏப்ரனைப் பெரும்பாலும் கான்கிரீட்டில் போடுகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்திருக்குமா என்பது வேறு விஷயம். பவரைக் கூட்டும்படி நானே அவருக்குக் கைகாட்டினேன்.

அந்த விமானத்தில் ப்ரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் இடையே சாதாரணமாகவே ஏறக்குறைய 28 செ.மீ. இடைவெளிதான் உண்டு, முன்சக்கரம் இறங்கினால் அதுவும் குறைந்துவிடும். நின்ற இடத்திலேயே எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போது, நுனிக்குக் கீழே உண்டாகும் காற்றுச் சுழல் தரையில் கிடக்கும் கல்லை உறிஞ்சி மேலே தூக்கும். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது. சக்கரம் அசையக்கூட இல்லை.

வாலாஜாவைச் சேர்ந்த மூத்த மெக்கானிக் அண்ணன் ஓடிவந்து எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பிறகு என்னிடம், "ஏம்ப்பா பவர் குடுக்கச் சொன்ன? நிறுத்திட்டு வாலை அமுக்கி, மூக்கத் தூக்கித் தள்ளிருந்தா ரெண்டு நிமிஷ வேலை" என்றார். பிளேடின் முன்விளிம்பில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு வெட்டு விழுந்திருந்தது. இவ்வளவு சிறிய வெட்டுக்கா பயிற்சியை நிறுத்துவது என்று மாணவருக்கு வருத்தம். ஆனால் சுழலும் பிளேடின் இழுவிசை அந்த வெட்டின் அடியில் குவிய, அங்கிருந்து விரிசல் வளர்ந்து நுனி ஒடிந்துவிட்டால், ஏற்படும் அதிர்வில் எஞ்சினே தன் பிடிமானத்திலிருந்து பெயர்ந்துவிடக் கூடும். அண்ணன் அரத்தால் அந்த இடத்தை மெல்ல இழைத்து, வெட்டை நீண்ட சரிவாக்கிச் சோதித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

ஜெட் விமானங்களிலும் இதே கதைதான். அங்கே கல்லை உறிஞ்சுவது எஞ்சினின் வாய். கான்கிரீட் பாளங்களின் இணைப்பில் அடைத்த பசை காய்ந்து உதிர்ந்துவிட்டால், மழைநீர் அடிமண்ணை அரித்து, பாளத்தின் ஓரங்கள் சில்லுகளாக உடையும். தரையில் கிடப்பது டயரையும் விடாது. 2000-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்டு விமானத்தின் டயரைக் கிழித்தது, வேறொரு விமானத்திலிருந்து ரன்வேயில் விழுந்த ஓர் உலோகத் துண்டு.

அந்த மே மாதத்துக்குப் பிறகு, காலையில் முதல் விமானத்தை வெளியே எடுக்குமுன் நாங்கள் நால்வரும் வரிசையாக நடந்து தரையைப் பொறுக்கினோம். ஜல்லி, போல்ட் கழலாமல் கட்டும் லாக்வயர் கம்பித் துண்டு, சோடா மூடி என்று ஏதாவது கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் என் சட்டைப்பையிலிருந்து முந்தின நாள் விழுந்த பேனா மூடியை நானே கண்டெடுத்தேன். அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.