வெள்ளி ரூபாய்களில் பச்சைப் பிசுக்கு – கழுவலாமா, விடலாமா?

குன்னூர்_காசு:
பழைய பிளாஸ்டிக் ஆல்பத்தில் கிடந்த மூன்று ரூபாய்கள். 1907 ஏழாம் எட்வர்ட் ஒரே கறுப்பு. 1911 ஐந்தாம் ஜார்ஜ் ஓரத்தில் நீலம், உள்ளே வரவரச் செம்பு நிறம், நடுவில் இளமஞ்சள். 1944 ஆறாம் ஜார்ஜில் பச்சையாக ஒட்டுகிறது. கிரேடிங்குக்கு (தரம் பார்த்து எண் தரும் நிறுவனத்துக்கு) அனுப்பும் எண்ணம் உண்டு. வீட்டில் விபூதி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள்.

வெள்ளித்தட்டு:
விபூதி குத்துவிளக்கோடு நிற்கட்டும். காசில் பட்டால் மயிரிழைக் கீறல் விழும், அது எந்த வைத்தியத்துக்கும் போகாது.

முதலில் 1944. அந்தப் பச்சை பி.வி.சி. உறையின் வேலை. உறை சிதையும்போது வரும் அமிலம் காசிலுள்ள செம்பைத் தின்கிறது. 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதிதான், செம்பு 40 சதவீதம். மற்ற இரண்டும் 91.7 சதவீத வெள்ளி, அதனால் தப்பித்தன. ஆனாலும் மூன்றையும் இன்றே அந்த ஆல்பத்திலிருந்து எடுங்கள்.

கலப்பில்லாத அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு அழிப்பான் உதவாது, அதில் மணமும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்க ஊற்றி, மூடி, பத்து நிமிடம் விடுங்கள். விளிம்பைப் பிடித்து எடுத்துப் புது அசிட்டோனில் இன்னொரு முறை, பிறகு காய்ச்சி வடித்த நீர். துடைக்காமல் மெல்லிய துணியில் ஒற்றுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் ஹீட்டர், அடுப்பு எதுவும் எரியக் கூடாது. பிசுக்கு போன இடத்தில் குழி தெரிந்தால் அது அரிப்பு, இனி ஆறாது.

அசிட்டோன் டோனிங்கை, அதாவது வெள்ளியில் காலப்போக்கில் ஏறிய நிறத்தை, தொடாது, பயப்பட வேண்டாம்.

கோத்தகிரி_நாணயர்:
1911 பற்றி மட்டும் சொல்கிறேன். நீலம், செம்பு, மஞ்சள் என்று ஓரத்திலிருந்து படிப்படியாக மெலிவது இயற்கை டோனிங்கின் வரிசை. வெள்ளி சல்பைடு படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், செம்மை, நீலம் என நிறம் மாறும். மருந்து வைத்து ஏற்றிய நிறம் பெரும்பாலும் இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்கும், கீறலுக்குள்ளும் புகுந்து படிந்திருக்கும்.

அரசரின் அங்கியிலுள்ள யானையையும் லென்ஸில் பாருங்கள். 1911இல் தும்பிக்கை குட்டை, பன்றி போலத் தெரியும். ‘பன்றி ரூபாய்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1912இல் திருத்திவிட்டார்கள். எனவே 1911 தேதியோடு நல்ல யானை இருந்தால் தேதியைச் சந்தேகியுங்கள். எடை 11.66 கிராம் அளவில் நிற்க வேண்டும், தேய்ந்த காசில் சற்றுக் குறையும்.

தரம் பார்க்க ஒற்றை பல்பின் கீழ் காசைச் சாய்த்துச் சுற்றுங்கள். ஒளி சக்கரம்போல் உடையாமல் ஓடினால், 70 வரை போகும் தர எண்ணில் 60க்கு மேல் நம்பிக்கை வைக்கலாம். கன்னம், கிரீடம், யானையின் முதுகு, இந்த மேடுகளில் ஒளி அறுந்து மங்கினால் 50–58.

குன்னூர்_காசு:
நன்றி. அப்போ 1907 கறுப்புக்கு டிப் (கறுப்பு நீக்கும் திரவத்தில் முக்குவது) போடலாமா? அலுமினியத் தாளும் சோடா உப்பும்?

வெள்ளித்தட்டு:
சோடா முறை வேண்டவே வேண்டாம். சல்பைடு திரும்ப வெள்ளியாவது உண்மை, ஆனால் பழைய வழவழப்போடு ஆகாது, சாம்பல் திட்டாக நிற்கும். டிப் தயோயூரியாவும் அமிலமும் சேர்ந்தது, கறுப்போடு மேற்பரப்பையும் கொஞ்சம் கரைக்கும். ஒளியைத் தருகிற நுண்கோடுகள் போய்விட்டால் பளிச்சென்ற செத்த காசுதான் மிச்சம்; கிரேடிங் நிறுவனங்களான என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். இரண்டும் எண் தராமல் ‘டீடெயில்ஸ்’ (குறையுள்ள காசு) என்று திருப்பலாம். கறுப்புக்குக் கீழே அரிப்பு இருந்தால் டிப் அதையும் வெளியே காட்டிவிடும்.

கோத்தகிரி_நாணயர்:
நான் இவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன். கைபடாத காசில் மெல்லிய மஞ்சளை அனுபவசாலி இரண்டு மூன்று விநாடி டிப்பில் எடுப்பதுண்டு. ஆனால் முழுக் கறுப்பு வேறு விஷயம், தொடாதீர்கள்.

ஊட்டி_பெட்டகம்:
கழுவிய பிறகு எங்கே வைப்பீர்கள்? ஜூன் முதல் மூடுபனியில் பீரோவுக்குள்ளும் ஈரம் ஏறும், வங்கி லாக்கரும் அப்படித்தான். பி.வி.சி. இல்லாத மைலார் ஃப்ளிப் (காசு வைக்கும் தெளிவான உறை), காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும். ஜெல்லின் ஆரஞ்சு நிறம் போனதும் 120 டிகிரி ஓவனில் ஓரிரு மணி நேரம் உலர்த்துங்கள். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, செய்தித்தாள் மூன்றிலிருந்தும் கந்தகம் வரும், டப்பாவில் சேர்க்காதீர்கள். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால் காசில் பனி கோக்கும். அரைமணி பொறுத்துத் திறங்கள்.