அப்பாவின் ஹோண்டா சி70: துரு போகணும், தேய்ந்த இடம் இருக்கணும்

பிறைக்காரன்

வணக்கம். பினாங்குப் பிறையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அப்பாவின் ஹோண்டா சி70 மோட்டார்சைக்கிள் நிற்கிறது. அப்பா இப்போது இல்லை. 2009-க்குப் பிறகு யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருசம் அப்பா அதில் இடியாப்பம் விற்றார். காலை நாலு மணிக்கு அம்மா பிழிந்து அடுக்கத் தொடங்குவார், ஐந்தே முக்காலுக்கு அப்பா கிளம்பிவிடுவார். பின்னால் அலுமினியப் பெட்டி, ஹேண்டிலில் ரப்பர் பந்து வைத்த ஹாரன். அந்தச் சத்தம் கேட்டதும் கம்பத்து (கிராமத்து) மலாய்ப் பிள்ளைகள் ‘புத்து மாயம், புத்து மாயம்’ என்று இடியாப்பத்தைக் கூப்பிட்டபடி தட்டோடு ஓடி வருவார்கள்.

அந்த இடியாப்பம்தான் வண்டியையும் தின்றது. சூடாக அடுக்கிய பெட்டியில் ஆவி தண்ணீராகி மூலை வழியாகச் சொட்டும். சொட்டுவது நேராகப் பின் மட்கார்டில். போதாததற்குச் சாயங்காலம் பெட்டியைக் கழற்றாமலே ஹோஸ் பிடித்துக் கழுவுவார். கடல் காற்று வேறு. இப்போது கேரியர் முடுக்கியிருக்கும் இடத்தில் சுண்டுவிரல் போகிற அளவு ஓட்டை. பேட்டரிக்குக் கீழே தகரம் நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. டாங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் செம்மண் ரோடு. கிக்கர் இறங்கவே இல்லை, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஒரு பட்டறையில் காட்டினேன். எல்லாவற்றையும் பிரித்து, துரு போக மணல் அடித்து, பவுடர் கோட் போட்டு, புது வண்டி மாதிரி ஆக்கித் தருகிறோம், 3,800 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். பணத்தை விடுங்கள், எனக்குப் புது வண்டி வேண்டாம். இரண்டு காலுக்கும் நடுவே சட்டத்தின் மேல் ஒரு கையகலத்துக்கு நீலப் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. அப்பா தேங்காய்ப்பூ, சர்க்கரைப் பையை அங்கேதான் வைப்பார். ஆறு வயசு வரைக்கும் நானும் அங்கேதான் உட்கார்ந்து போனேன். அதை மூடிவிட்டால் சந்தையில் கிடைக்கிற எந்த சி70-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கையில் இருப்பது ஸ்பானர் செட், கிரைண்டர், கார் பேட்டரி சார்ஜர். வெல்டிங் தெரியாது. சனி, ஞாயிறு மட்டும் நேரம். எதை முதலில் தொடுவது?

ஆயர் ஈத்தாம் போமன்

தம்பி, கிரைண்டரை முதலில் எடுத்து வைத்துவிடு. சி70 சட்டம் குழாய் இல்லை, மெல்லிய தகரத்தை அச்சில் அழுத்தி இரண்டு பாதியாக ஒட்டியது. கிரைண்டர் சக்கரம் துருவோடு நல்ல இரும்பையும் கொண்டுபோய்விடும். மணல் அடிப்பதும் இதற்கு ஆகாது. உள்ளே கூடு, புகுந்த மணலை லேசில் வெளியே எடுக்க முடியாது. அப்புறம் அது பேரிங்கில் வந்து உட்காரும்.

முதலில் எஞ்சின். அது வராவிட்டால் மற்றதற்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியாக ஆட்டோ கியர் எண்ணெய் ஊற்று. இந்த எஞ்சினில் சிலிண்டர் முன்பக்கம் பார்த்துக் கிட்டத்தட்ட படுத்திருக்கும். வண்டியைச் சமமாக நிறுத்தினால் எண்ணெய் ஒரு பக்கமாகவே தேங்கும், பிஸ்டனைச் சுற்றிப் போகாது. முன் சக்கரத்துக்கு அடியில் நாலு செங்கல் கொடுத்து மூக்கைத் தூக்கி நிறுத்து. ஒரு வாரம் மறந்துவிடு. பிறகு இடப்பக்க மூடியைத் திறந்து மேக்னட் (எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரம்) நட்டில் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டு. கிக்கரை மிதிக்காதே. பிடித்த எஞ்சினை மிதித்துக் கிக்கர் பல்லை உடைத்தவர்கள் நிறைய, அதில் என் தம்பியும் ஒருவன்.

கேரியர், ஸ்டாண்ட், பிராக்கெட் மாதிரி சின்ன இரும்புக்கு உன் சார்ஜரே போதும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. துருப்பிடித்த சாமானுக்கு நெகட்டிவ், பழைய கட்டடக் கம்பித் துண்டுக்குப் பாசிட்டிவ், இரண்டும் உரசாமல் பார்த்துக்கொள். மாற்றிக் கொடுத்தால் உன் கேரியர் கரைந்து போகும். எவர்சில்வர் கரண்டியைக் கம்பிக்குப் பதிலாகப் போடாதே, அந்தத் தண்ணீர் விஷமாகிவிடும். அலுமினியம், குரோம் பூசியது எதுவும் வாளிக்குள் போகக்கூடாது. ஸ்பிரிங்கும் கூடாது. ஹைட்ரஜன் வாயு வரும், கொட்டகைக் கதவைத் திறந்து வை, பக்கத்தில் சிகரெட் வேண்டாம்.

டாங்கை சோப்புத் தண்ணீரில் நாலைந்து தடவை அலசு, பெட்ரோல் வாடையே இருக்கக்கூடாது. பிறகு வெள்ளை வினிகர் நிரப்பி, ஒரு பிடி நட்டு போட்டுக் குலுக்கு. இரண்டு நாள் போதும். கொட்டிவிட்டு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே காயவைத்து, உடனே எண்ணெய் காட்டு. விட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி சிவக்கும். குரோமில் லேசான துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய், கீறாது.

ஓட்டைக்கு மட்டும் வெல்டிங்காரரிடம் போ. போவதற்கு முன் டாங்க், பேட்டரி, வயர் எல்லாவற்றையும் உருவிவிடு. வயர் சட்டத்துக்குள்ளேதான் ஓடுகிறது, சூட்டில் உருகிவிடும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, ஒட்டுத் தகடு வைக்கச் சொல். வெட்டாமல் பட்டி மாவு பூசி மறைத்தால் அடுத்த தீபாவளிக்குள் கொப்புளிக்கும்.

சாமானுக்குக் கவலைப்படாதே. வியாபாரி லோ பூன் சியூ 1958-ல் மலாயாவுக்கு ஹோண்டாவை எடுத்து வந்த பினாங்கு இது.

செந்தூல்வாசி

அண்ணே, இரும்பு வேலைக்கு முன்னால் பேப்பர் வேலை. என் மாமா வண்டியில் இதைத் தெரியாமல் நான் பட்டிருக்கிறேன். எல்லாம் முடிந்து பளபளவென்று கொண்டுபோனால் சட்டத்தில் நம்பரே தெரியவில்லை. துரு எடுக்கிறேன் என்று நானே அரம் போட்டுத் தேய்த்திருக்கிறேன், மிச்சத்தைப் பெயின்ட் நிரப்பிவிட்டது. அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அது தனிக் கதை. அதனால் எஞ்சின் நம்பர், சட்ட நம்பர் இரண்டையும் இப்போதே போட்டோ எடுங்கள். அந்த இடத்துக்கு பல் துலக்கும் பிரஷும் மண்ணெண்ணெயும் மட்டும்தான்.

கிரான் (வண்டிப் பதிவுப் பத்திரம்) அப்பா பெயரிலேயே இருந்தால், பெயர் மாற்ற இறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. அமானா ராயா (சொத்துப் பொறுப்பு நிறுவனம்), நில அலுவலகம், நீதிமன்றம், இதில் எது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமோ அங்கிருந்து உத்தரவு வேண்டும். இத்தனை வருசம் ரோட் டெக்ஸ் (சாலை வரி) எடுக்காத வண்டி வேறு. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டருக்கு ஒரு நடை போய், பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பெயின்ட் கடைக்குப் போங்கள்.

லயத்து வீடு

இவ்வளவு சுற்றா? எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் உறைய வைக்கிற சுக்கா கெத்தாவை டாங்கில் ஊற்றுவார்கள். ஒரே ராத்திரியில் பளிச்.

ஆயர் ஈத்தாம் போமன்

அது பார்மிக் அமிலம். டாங்க் பளிச்சென்று ஆகும், ஊற்றுகிற கையும் வெந்துபோகும், மூச்சும் அடைக்கும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம் லா.

பிறைக்காரன்

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

சார்ஜர் விசயத்தில் முதல் நாளே மூக்குடைந்தது. என்னுடையது புதுசு, எதிர்முனையில் பேட்டரி இருந்தால்தான் கரண்டே விடும். வாளியைப் பார்த்து மூன்று தடவை சிவப்பு விளக்கு போட்டுவிட்டு அணைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அங்கிளிடம் கல் மாதிரி கனக்கும் பழைய சார்ஜர் இருந்தது, அது வேலை செய்தது. கேரியர் இரண்டு நாளில் கறுப்பாக வெளியே வந்தது. பிரஷ் போட்டால் அடியில் அப்பா ஆணியால் கீறின தேதி தெரிகிறது, 3.5.87. என்ன தேதி என்று அம்மாவுக்கும் நினைவில்லை. கேரியர் மாற்றின நாளாக இருக்கும்.

எஞ்சின் ஒன்பதாம் நாள் அசைந்தது. அரை அங்குலம்தான், ஆனால் அந்த நேரம் நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடி வந்துவிட்டார். பொறி வரவைக்கும் பாயின்ட்டைச் சுத்தம் செய்து இடைவெளியை 0.35 மில்லிமீட்டரில் வைத்தேன், வால்வு இரண்டின் இடைவெளியும் 0.05. புது என்ஜிகே பிளக், புது எண்ணெய். 6 வோல்ட் பேட்டரி ஆறுக்கு ஆறாகவே வாங்கினேன். கடைக்காரர் 12-ஐ எடுத்து நீட்டினார், வாங்கியிருந்தால் பல்பு எல்லாம் போயிருக்கும்.

டாங்கில் நான் தப்பு செய்தேன். இரண்டு நாள் என்று சொன்னதை, வேலை அதிகமாகி, ஐந்து நாள் விட்டுவிட்டேன். வினிகர் துருவை மட்டும் எடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை, அடியில் ஊசித் துளை மூன்று. வெல்டிங்காரர் பித்தளை வைத்து அடைத்துக் கொடுத்தார். சட்டத்தின் ஓட்டைக்கும் மட்கார்டுக்கும் சேர்த்து 220 வெள்ளி. ஒட்டுப் போட்ட இடத்துக்கு மட்டும் பிரைமர், நீலப் பெயின்ட். பழைய நீலத்தோடு ஒத்துப்போகவில்லை, அருகில் வந்து பார்த்தால் தெரியும். தெரியட்டும்.

தேய்ந்த இடத்தை மெல்லிய எஃகு நாரில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, மேலே மெழுகு பூசியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை பூச வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நம்பர்கள் பத்திரம். ஜேபிஜேயில் பதிவு இருக்கிறது என்றார்கள், பெயர் மாற்றும் உத்தரவுக்கு மனு கொடுத்திருக்கிறோம். அது வரும்வரை கொட்டகைக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து அணைப்பதோடு சரி.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. ஹாரனின் ரப்பர் பந்து வெடித்துப் போயிருக்கிறது, ஊதுகுழலின் பித்தளைக் கழுத்து 22 மில்லிமீட்டர். ஜார்ஜ்டவுனில் நாலு சைக்கிள் கடை ஏறி இறங்கிவிட்டேன், எல்லாம் சின்ன வாய். யாருக்காவது கடை தெரிந்தால் சொல்லுங்கள்.