2083 போர்ட்டை மூட இணைய நிறுவனத்துக்கு உரிமை உண்டா?

மஞ்சக்குப்பத்தான்:
கடலூரில் என் வீட்டு ஃபைபர் இணைப்பில் மூன்று நாளாக, இணையதளங்களை நிர்வகிக்கும் சிபேனல் பக்கம் திறக்கவில்லை. 2083, 2087 போர்ட்டுகள் (சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்கள்) இரண்டுமே சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் டைம் அவுட். அதே சர்வரில் இருக்கும் இணையதளங்கள் நன்றாகத் திறக்கின்றன. மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டால் சிபேனலும் வருகிறது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். பாதுகாப்புக்காக மூடியிருக்கிறார்களாம், ஸ்டேட்டிக் ஐபி (மாறாத தனி இணைய முகவரி) வாங்கினால் திறந்துவிடுவார்களாம். மாதாமாதம் முழு இணையத்துக்குத்தானே பணம் கட்டுகிறேன்?

லாஸ்பேட்டைவாசி:
தம்பி, போர்ட்டை மூடுவதே தப்பு என்று சொல்லிவிட முடியாது. வீட்டு இணைப்புகளில் மெயில் அனுப்பும் 25ஐப் பல நாடுகளில் மூடித்தான் வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் வைரஸ் ஏறிய கம்ப்யூட்டரெல்லாம் ஸ்பேம் அனுப்பும். 2017இல் பணம் கேட்டு மிரட்டிய வான்னாக்ரை, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445 வழியாகத்தான் பரவியது. அது இருக்கட்டும், சர்வரின் ஃபயர்வாலே உங்களைத் தடுத்திருக்கலாமே? சிஜிநாட் என்ற முறையில் ஒரே ஐபி பல வீடுகளுக்குப் போகிறது. அதே ஐபியில் இருந்து எவரோ அந்த சர்வரில் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டிருந்தால் நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். ஹாட்ஸ்பாட்டில் ஐபி வேறு, அதனால் திறக்கும்.

மஞ்சக்குப்பத்தான்:
அதையும் பார்த்துவிட்டேன் அண்ணா. ஹோஸ்டிங் நிறுவனத்தை டிசிபிடம்ப் (சர்வருக்கு வரும் தரவுத் துண்டுகளான பேக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிடச் சொன்னேன். சாதாரண இணையதளங்கள் திறக்கும் 443க்கு என் பேக்கெட் வந்து சேர்கிறது, 2083க்கு ஒன்றுகூட வரவில்லை. வழியிலேயே நின்றுவிடுகிறது. 25ஐ மூடினால் மற்றவர்கள் தப்பிக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். 2083 நான் என் கணக்குக்குள் போகும் வழி, அதுவும் டிஎல்எஸ் என்ற குறியாக்கப் பூட்டுடன். அதை மூடி யாரைக் காப்பாற்றுகிறார்கள்? உண்மையிலேயே ஆபத்து என்றால் கூடுதல் காசு கொடுத்தவருக்கு மட்டும் எப்படித் திறப்பார்கள்?

வில்லியனூர் வலைஞர்:
விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும், வேலை நிற்க வேண்டாம். டொமைனுக்கு முன்னால் சிபேனல் என்று சப்டொமைன் போட்டுப் பாருங்கள், 443 வழியாகவே திறக்கும். வெப்மெயிலுக்கும் அப்படியே. ஹோஸ்டிங்காரர் அந்த வசதியை முடக்காமல் இருக்க வேண்டும், அந்தப் பெயரை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லாஸ்பேட்டைவாசி:
பேக்கெட்டே போகவில்லை என்றால் சரி, மூடியது அவர்கள்தான். ஆனாலும் 2018இல் இணைய நிறுவனங்களின் உரிம நிபந்தனைகளில் இணையச் சமநிலையை (எல்லா டிராஃபிக்கையும் பாகுபாடின்றி நடத்துவதை) சேர்த்தபோதே நியாயமான டிராஃபிக் மேலாண்மைக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு என்று அவர்கள் சொன்னால் எப்படி மறுப்பீர்கள்?

மஞ்சக்குப்பத்தான்:
வலைஞர், சப்டொமைனில் திறந்துவிட்டது, ரொம்ப நன்றி. ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாத்திரக்கடைக்காரருக்கு 2096 போட்டுத்தான் வெப்மெயில் முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரும் இதே இணைப்பு. ஆர்டர் மெயிலைப் பார்க்க முடியவில்லை என்று மூன்று நாளாக என்னைத்தான் கூப்பிடுகிறார். அண்ணா, நியாயமான மேலாண்மை என்றால் இணைப்பு கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். என் படிவத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. புகார் எண் வாங்கிவிட்டேன். பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுக்குப் போவேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறையில் அதற்கு வழி இருக்கிறது.

லாஸ்பேட்டைவாசி:
முன்கூட்டியே சொல்லவில்லை என்பதில் உங்கள் பக்கம்தான் நியாயம். அந்த டிசிபிடம்ப் வெளியீட்டையும் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள் தம்பி. மூடுவதற்கு உரிமையே இல்லை என்பதை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை.