மகளிர் ஒற்றையர் பாட்மின்டன்: அருகிலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

தொடங்குபவர்:

மகளிர் ஒற்றையர் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் நம்மில் நிறைய. அரங்கில் உட்கார்ந்தோ, ஆடுகளத்தின் ஓரத்தில் பணியாற்றியோ, வலைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆடியோ பார்த்தவர்கள் குறைவு. அவர்கள் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். யார் வென்றார், எத்தனை புள்ளிகளில் வென்றார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. கேமரா காட்டாத எதை நீங்கள் கண்டீர்கள்? ஆண்கள் ஆட்டத்தின் வேகம் குறைந்த வடிவம்தானே இது என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் படிக்கட்டும்.

பக்கவரிசை:

2017 ஆகஸ்ட், கிளாஸ்கோ, உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஜப்பானின் நொசோமி ஒகுஹாரா, மறுபக்கம் நம் பி.வி. சிந்து. எனக்குக் கிடைத்த இருக்கை ஆடுகளத்தின் பக்கவாட்டில், ஏறக்குறைய வலைக்கு நேராக இருந்தது. வாங்கும்போது நல்ல இடம் இல்லை என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கும் மகளிர் ஒற்றையர் பார்க்கப் போகிறவர்களிடம் அந்த இடத்தைத்தான் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

தொலைக்காட்சி கேமரா ஆடுகளத்தின் ஒரு முனைக்குப் பின்னால், உயரத்தில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் இடமும் வலமும் தெளிவாகத் தெரியும். முன்னும் பின்னும் நசுங்கிவிடும். பக்கவாட்டில் உட்கார்ந்தால்தான் ஷட்டில் எவ்வளவு உயரம் போகிறது, கடைசிக் கோட்டின் மேல் எப்படிச் செங்குத்தாக இறங்குகிறது என்பது தெரிகிறது. ஒகுஹாரா ஐந்தடிக்குச் சற்றே மேலான உயரம். சிந்து ஆறடியை நெருங்குகிறவர். உயரமானவருக்கு எதிராக ஒகுஹாரா செய்தது ஒன்றே ஒன்று: ஷட்டிலை விளக்குகள் வரை தூக்கிப் பின்கோட்டில் இறக்கினார், அடுத்ததை வலையோரம் வைத்தார், மறுபடி பின்னால் தூக்கினார். ஒவ்வொரு முறையும் சிந்து அந்த நீளம் முழுவதும் போய் வர வேண்டியிருந்தது. ஒருவருடைய பாதி ஆடுகளம் 6.7 மீட்டர் நீளம்தான். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். அதைப் பின்னோக்கியும் முன்னோக்கியும், நடுவில் நின்று மூச்சு வாங்க முடியாமல், ஒரு மணி ஐம்பது நிமிடம் கடந்துகொண்டே இருப்பதை நேரில் பார்த்துவிட்டு யாரும் இதை வேகம் குறைந்த ஆட்டம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் மூன்று கேம். இரண்டாவது கேமை முடித்த அந்த ரேலியைப் பற்றி, அதாவது ஒரே புள்ளிக்காக ஷட்டில் கீழே விழாமல் இருபுறமும் போய் வந்த அந்தத் தொடரைப் பற்றி, எல்லோரும் எழுதிவிட்டார்கள். 73 அடிகள். பாதி வழியிலேயே எண்ணுவதை விட்டுவிட்டேன், எண்ணிக்கை பிறகுதான் தெரிந்தது. என் மனத்தில் நின்றது அடிகளின் எண்ணிக்கை அல்ல. ஏறக்குறைய ஐம்பதுக்குப் பிறகு இருவருமே புள்ளியை முடிக்கும் அடியைத் தேடவில்லை; அடுத்த அடிவரை உயிரோடு இருக்கும் அடியையே தேடினார்கள். அப்படியும் ஷட்டில் கோட்டுக்கு வெளியே போகவில்லை. களைத்த கால்களோடு கணக்குத் தவறாத கையை வைத்திருப்பது எத்தனை ஆண்டுப் பயிற்சி! அந்த கேம் 22-20 என்று சிந்துவுக்குப் போனது. கடைசி கேம் அதே 22-20 என்று ஒகுஹாராவுக்கு. முதல் கேமும் 21-19 என்று அவருக்கே. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், இருவருக்கும் இடையே இருந்தது எவ்வளவு என்று.

இரண்டாண்டுக்குப் பிறகு சுவிட்சர்லாந்தின் பாசெலில் அதே இறுதி ஆட்டத்தில் அதே இருவரும் மோதினார்கள். சிந்து 21-7, 21-7 என்று 38 நிமிடத்தில் முடித்தார். ரேலி நீள்வதற்கே இடம் கொடுக்கவில்லை; ஷட்டிலை முன்கூட்டியே சந்தித்துக் கீழ்நோக்கியே அடித்தார். இந்தியாவுக்கு முதல் உலகப் பட்டம் அது. மகிழ்ந்தேன், கண்ணீரும் வந்தது. இருந்தாலும் எனக்கு எதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் கிளாஸ்கோ என்றே சொல்வேன்.

எல்லைக்கோடு:

நான் சர்வதேசப் போட்டிகளில் எல்லைக்கோட்டு நடுவராக இருந்தவள். ஆடுகளத்துக்கு இத்தனை அருகில் உட்கார்ந்தும் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் நாங்கள். எங்கள் கண் கோட்டில்தான் இருக்க வேண்டும். வெளியே விழுந்தால் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி உரக்கச் சொல்ல வேண்டும். உள்ளே விழுந்தால் வலக்கையால் கோட்டைக் காட்டினால் போதும். பார்வை மறைந்துவிட்டால் இரு கைகளாலும் கண்களை மறைத்துக் காட்ட வேண்டும். கைதட்டக் கூடாது. முகத்தில் எதுவும் தெரியக் கூடாது.

அதனால் எனக்குப் பழக்கமானவை வீராங்கனைகளின் பாதங்களும் மட்டையின் ஓசையும்தான். ஓங்கிக் கீழ்நோக்கி அடிக்கும் ஸ்மாஷுக்கு ஓர் ஓசை, வலையோரம் விழும்படி வெட்டி விடும் டிராப்புக்கு இன்னோர் ஓசை. தைவானின் தாய் சூ யிங் எதிர்ப்பக்கம் ஆடும்போது அந்த ஓசைக்கணக்கு உதவாது. என் பார்வைக்குள் இருக்கும் வீராங்கனையின் கால்கள் வலையை நோக்கி ஓரடி எடுத்து வைத்திருக்கும். ஷட்டிலோ அவருக்குப் பின்னால், என் கோட்டின் மேல் இறங்கிக்கொண்டிருக்கும். மட்டையின் முகத்தைத் திருப்புவதைக் கடைசிக் கணம்வரை தள்ளிவைக்கிற அந்தத் திறமையை நான் அவருடைய கையில் பார்த்ததே இல்லை. ஏமாந்த கால்களில்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் ஆல் இங்கிலாந்து பட்டத்தை 2017, 2018, 2020 என்று மூன்று முறை வென்றார். தரவரிசையில் 200 வாரங்களுக்கு மேல் முதலிடம். ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்கில் சீனாவின் சென் யூபெயிடம் மூன்று கேம்களில் தோற்று வெள்ளி, அதே 2021-இல் ஸ்பெயினின் உல்வா நகர உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஜப்பானின் அகானே யமகுச்சியிடம் தோல்வி. உலகப் பட்டமோ ஒலிம்பிக் தங்கமோ இல்லாமலே விளையாட்டை விட்டுப் போனார். பதக்கப் பட்டியலை வைத்து அவரை அளக்கிறவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வரும்.

பயிற்சித் துணை:

நான் ஆண். ஒரு தேசிய முகாமில் மகளிர் ஒற்றையர் வீராங்கனை ஒருவருக்குப் பயிற்சித் துணையாக ஆடினேன். அவர் பெயரைச் சொல்வது முறையல்ல. உலகின் முன்னணி வீராங்கனைகள் பலரும் இப்படி ஆண்களோடு ஆடித்தான் தயாராகிறார்கள்.

என் ஸ்மாஷ் அவருடையதைவிடப் பலமானது. முதல் சில நிமிடங்கள் அது உதவியது. பிறகு எனக்கு ஸ்மாஷ் அடிக்க ஏற்ற ஷட்டிலே வரவில்லை. வந்ததெல்லாம் தோளுக்குப் பின்னால், அல்லது வலைக்குக் கீழே. நான் அடிக்கிற கணத்தில் அவர் சிறிதாக ஒரு குதி குதித்து இரு பாதங்களையும் அகலமாக ஊன்றுவார். எந்தப் பக்கமும் பாய்வதற்கான தயார்நிலை அது. ஒரு முறைகூட அதைத் தவறவிட்டு நான் பார்க்கவில்லை, பயிற்சியின் கடைசி நேரத்திலும்கூட. அவர் என்னைப் பலத்தால் தோற்கடிக்கவில்லை, என் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு அடிக்கும் நான் அரைக் காலடி தாமதமானேன். அந்த அரைக் காலடிகள் சேர்ந்து ஒரு கட்டத்தில் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

பிறகு பயிற்சியாளர் இன்னொருவரையும் என் பக்கம் அனுப்பினார். நாங்கள் இருவர், அவர் ஒருவர். நாங்கள் மாறி மாறித் தாக்க, அவர் எல்லாவற்றையும் எடுத்து எங்கள் பின்கோட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். பக்கவரிசை எழுதியிருக்கிறாரே, களைத்த காலோடு தவறாத கை என்று. அது தயாராகும் இடம் இதுதான். பார்க்க அழகாக இருக்காது. அவர் சுவரோரம் போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து மட்டையைக் கையில் எடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

பழைய ரசிகர்:

11 புள்ளி எடுத்தால் ஒரு கேம் முடிந்துவிடும் காலத்து ஆள் நான். அப்போது சர்வீஸ் போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். 2006-இல்தான் 21 புள்ளி முறை வந்தது. 1992 பார்சிலோனாவில் பாட்மின்டன் முதன்முறையாக ஒலிம்பிக் பதக்கப் போட்டியானபோது இந்தோனேசியாவின் சுசி சுசாந்தி, கொரியாவின் பாங் சூ ஹியூனை 5-11, 11-5, 11-3 என்று வென்றார். இந்தோனேசியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. பின்னாளில் சுசியை ஓர் அரங்கின் பார்வையாளர் வரிசையில் கண்டேன். பேசத் துணிவில்லை, வணங்கிவிட்டு வந்தேன். அவரும் புன்னகைத்தார். பொறுமையை ஓர் ஆயுதமாக ஆக்கியவர் அவர். ஒகுஹாராவைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவுதான் வரும்.

மேல்தளம்:

பாரிஸ், 2024 ஆகஸ்ட் 4. அரையிறுதி. ஸ்பெயினின் கரோலினா மரின் ஆட்டத்துக்காகத்தான் போனேன். அவருடைய கூச்சலைப் பலருக்குப் பிடிக்காது. நேரில் கேட்டால் அது எதிராளிக்கானது அல்ல என்று புரியும். அவர் தன்னைத்தானே எழுப்பிக்கொள்கிறார். 2016 ரியோவில் முதல் கேமை 19-21 என்று சிந்துவிடம் இழந்த பிறகு 21-12, 21-15 என்று திருப்பியதும் அந்தக் குரலோடுதான். ஆசியாவுக்கு வெளியிலிருந்து மகளிர் ஒற்றையர் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண். மூன்று உலகப் பட்டங்கள்.

பாரிஸில் சீனாவின் ஹே பிங்ஜியாவுக்கு எதிராக முதல் கேமை 21-14 என்று எடுத்திருந்தார். இரண்டாவதிலும் முன்னிலை. பின்களத்தில் ஒரு ஷட்டிலுக்குப் போய்த் தரையிறங்கினார், விழுந்தார். மேல்தளத்திலிருந்த எங்களுக்கே தெரிந்துவிட்டது, இது சாதாரண விழுகை அல்ல என்று. முழங்காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்து வந்து ஆடப் பார்த்தார். முடியவில்லை. 10-8 என்று முன்னிலையில் இருக்கும்போதே விலகி, தரையில் மண்டியிட்டு அழுதார். அந்த அரங்கு முழுவதும் எழுந்து நின்றது. ஹே பிங்ஜியாவ் வெற்றியைக் கொண்டாடவில்லை.

மறுநாள் இறுதியில் கொரியாவின் ஆன் சே யங் அவரை 21-13, 21-16 என்று வென்றார். 1996-க்குப் பிறகு கொரியாவுக்கு இந்தப் பிரிவில் கிடைத்த முதல் தங்கம். பதக்க மேடையில் ஹே பிங்ஜியாவ் தன் வெள்ளியோடு ஸ்பெயின் நாட்டுச் சின்னம் பொறித்த, சட்டையில் குத்தும் சிறு ஊசியொன்றையும் கையில் பிடித்திருந்தார். நடுவர் அறிவிப்பில் வராத, புள்ளிப் பலகையில் ஏறாத செய்கை. அதற்காகவே அவரை என்றும் மறக்க மாட்டேன்.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். உல்வா மரினின் சொந்த ஊர். 2021 உலக சாம்பியன்ஷிப் நடந்தது அவர் பெயரையே தாங்கிய அரங்கில். அப்போதும் முழங்கால் காயத்தால் அவர் ஆடவில்லை.

இயன்முறை:

விளையாட்டுக் காயங்களில் பணியாற்றுகிற இயன்முறை மருத்துவர் நான். மேல்தளம் எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

2012 லண்டன் ஒலிம்பிக் வெண்கலப் போட்டியில் சீனாவின் வாங் சின் முதல் கேமை வென்ற பிறகு முழங்கால் காயத்தால் விலகினார். சாய்னா நேவாலுக்குப் பதக்கம் வந்தது, இந்திய பாட்மின்டனின் முதல் ஒலிம்பிக் பதக்கம். 2016 ரியோ அரையிறுதியில் மரினை எதிர்த்து ஆடிய சீனாவின் லீ சூரூய்க்கு முழங்கால் போனது. வெண்கலப் போட்டிக்கே அவரால் வர முடியவில்லை. 2024-இல் மரினுக்கே. மூன்று ஒலிம்பிக்கிலும் பதக்கத்துக்கு ஓரிரு ஆட்டங்கள் முன்னால், அதே மூட்டு. இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துபோவது எனக்குச் சம்மதமில்லை.

முழங்காலின் நடுவே குறுக்காக ஓடும் முன் தசைநார் அறுவது எப்படி என்று பார்த்தால் பாட்மின்டனில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். மட்டை பிடிக்காத பக்கத்தின் பின்மூலைக்கு ஷட்டில் போகிறது. வீராங்கனை தலைக்கு மேலாக உடலை வளைத்து, பின்னோக்கித் தாவி அடிக்கிறார். முழு எடையும் மட்டை பிடிக்காத பக்கத்து ஒற்றைக் காலில் இறங்குகிறது. மூட்டு அந்த நொடியில் உள்நோக்கிச் சாய்ந்தால் போதும். மரின் இடக்கைக்காரர். 2019 ஜகார்த்தாவில் சாய்னாவுக்கு எதிரான இறுதியிலும், பாரிஸிலும் அறுந்தது வலக்காலில். 2021-இல் மட்டும் இடக்கால்.

களைப்பு அந்தச் சாய்வை அதிகமாக்குகிறது. 2023 முதல் 2026 வரையிலான உலகச் சுற்றில் முன்னணி 15 ஒற்றையர் வீராங்கனைகளுக்கு ஆண்டின் உச்ச நிலைப் போட்டிகளான நான்கு சூப்பர் 1000-உம், அடுத்த நிலையிலுள்ள ஆறு சூப்பர் 750-உம் கட்டாயம். ஆன் சே யங் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியில் முழங்காலில் கட்டோடு ஆடி வென்றதை எல்லோரும் வீரம் என்று புகழ்ந்தார்கள். வீரம்தான். ஆனால் பாரிஸில் தங்கம் வென்ற அன்றே அவர் தன் காயம் கையாளப்பட்ட விதம் பற்றி வெளிப்படையாக ஏமாற்றம் தெரிவித்தார். 22 வயதில், பதக்கம் கழுத்தில் இருக்கும்போதே அப்படிப் பேசியதைத்தான் நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

பயிற்சித் துணை:

மருத்துவரே, நன்றி. நான் எழுதிய முகாமில் மட்டையைத் தொடுவதற்கு முன் ஒரு பெட்டியிலிருந்து ஒற்றைக் காலில் குதித்து அசையாமல் நிற்கச் செய்வார்கள். உடலைச் சூடாக்கத்தான் என்று நினைத்திருந்தேன். அந்த வீராங்கனை வலக்கைக்காரர். இடக்காலில் இரண்டு மடங்கு செய்வார். இடக்கைக்காரர்களுக்கு வலக்காலில் கூடுதலாகச் செய்யச் சொல்வீர்களா?

இயன்முறை:

ஆம், அந்தக் காலில் கூடுதலாக. ஆனால் அவர் ஆட்டத்தின் இறுதியில், களைத்த பிறகு ஒரு முறையும் செய்ய வேண்டும். காலையில் புதிதாக நிற்கிற முழங்கால் எல்லோருக்கும் நேராகத்தான் இருக்கும்.